ஒரே தொகை எழுதிய ஊர்

தாரேகோல்
செப்டம்பர் 6, 1998

போரம் அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் போரமும் நலந்தானே? மாமா விட்டுப்போன வீட்டில் மூன்று மாதமாகக் கூரையோடு மல்லுக்கட்டி, ஒருவழியாக ஒழுகலை நிறுத்திவிட்டேன். தரையடி அடுப்பு மட்டும் இன்னும் என்னை மதிக்க மாட்டேன் என்கிறது. விறகு வைத்தால் தரை சூடாவதற்குப் பதில் அறை முழுக்கப் புகை.

போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பாய். இங்கே போன் ஊர்த்தலைவர் மேங் வீட்டில் இருக்கிறது. நான் பேச ஆரம்பித்தால் அவர் வீட்டில் அத்தனை பேரும் அவரைக்காய் உரிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். ஐ.எம்.எஃப். கடன் நெருக்கடிக் காலத்தில் வங்கி மூடி வேலை போன மனிதன் நான் ஒருவன்தானா? ஆனால் இந்த ஊருக்கு நான் ஒரு கேள்விக்குறி. "பேங்க் தம்பி, வேலை போச்சுன்னு வந்தியா, இல்ல எவன் நெலம் எவ்வளவு போகும்னு பாத்துட்டுப் போக வந்தியா?" என்று கடையில் வைத்தே கேட்டார் மேங். பன்னிரண்டு வருடம் அடமானத்துக்கு வந்த வீடுகளுக்கு விலை போட்டவன் என்ன பதில் சொல்வேன்? சிரித்து வைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒரு ஜீப் வந்தது. ஊருக்குப் பின்னால் இருக்கும் பைன் மலையின் தலையில் சிவப்புத் துணி கட்டிய கம்புகளை நட்டுவிட்டுப் போனார்கள். மேலே ஓர் அணை, கீழே ஓர் அணை. இரவில் தண்ணீரை மேலே ஏற்றிப் பகலில் இறக்கி மின்சாரம் எடுப்பார்களாம். மேலே இருக்கும் காடு மூழ்கும். மூழ்கும் காட்டுக்கு என்ன மதிப்பு என்று கணக்குப் போட ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறார்களாம். ஜீப் ஓட்டிவந்தவர் ஒரு சிகரெட்டை நீட்டிக்கொண்டே அதன் பெயரைச் சொன்னார். உன் நிறுவனம்.

என்னை முடிவெட்ட அனுப்புவதற்கே பத்துக் கேள்வி கேட்பவள் நீ. ஜூனில் மாமா வீட்டுக்குப் போகிறேன் என்றதும் "போய்ட்டு வாங்க" என்று ஒரே வார்த்தையில் அனுப்பினாயே, ஏன்? சும்மா கேட்கிறேன்.

போரம் அப்பா
கியூதே


தேஜான்
செப்டம்பர் 14, 1998

போரம் அப்பாவுக்கு,

சும்மா கேட்கிறேன் என்று நீங்கள் எழுதினால் சும்மா கேட்கவில்லை என்று அர்த்தம். பதினைந்து வருடத்தில் இதுகூடத் தெரியாதா எனக்கு?

நீங்கள் போனது ஜூனில். அந்த வேலை எங்களிடம் வந்தது ஜூலையில். வரைபடத்தில் தாரேகோல் என்ற பெயரை அப்போதுதான் பார்த்தேன். ஜூனில் ஏன் தடுக்கவில்லை என்றால், சோபாவில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த உங்களை அதற்கு மேல் பார்க்க முடியவில்லை, அதனால்தான். இதற்கு மேல் அதில் எதையும் தோண்டாதீர்கள்.

நாங்கள் செய்வது மாயமந்திரமில்லை. காட்டிலிருந்து வருவதைச் சந்தை விலையில் போடுகிறோம்: மரம், காளான், கீரை. காடு பிடித்து வைக்கும் தண்ணீரைப் பிடிக்க ஒரு தடுப்பணை கட்டினால் என்ன செலவாகும் என்று இன்னொரு கணக்கு. விற்கவும் முடியாது, கட்டவும் முடியாது என்று ஒன்று மிஞ்சுகிறதே, காடு அங்கே இருக்கிறது என்ற நிம்மதி, அதற்கு மக்களிடமே போய்க் கேட்கிறோம். 'இந்தக் காடு இப்படியே இருக்க உங்கள் வீடு வருடத்துக்கு எவ்வளவு தரும்?' நகரத்திலும் கேட்போம், அங்கேயும் கேட்போம்.

அக்டோபரில் இரண்டு பெண்கள் படிவத்தோடு உங்கள் வீட்டுக்கும் வருவார்கள். ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் பையிலிருந்து நிஜமாக எடுத்துத் தர முடிந்ததை மட்டும் எழுதுங்கள். மலை மேல் இருக்கும் ஆசையில் கூட்டி எழுதினால் அந்தக் கணக்கே கெட்டுவிடும். நான் உங்கள் மனைவி என்று எவரிடமும் மூச்சு விடாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் ஊர்க்காரர்கள் ஜீப்பில் வந்தவர்களிடம் பைன் காளான் 'கொஞ்சம் கிடைக்கும்' என்று ஒரு கூடைக் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். நம்ப முடியவில்லை. உண்மையில் எவ்வளவு எடுக்கிறார்கள்?

போரம் கணக்கில் மதிப்பெண் குறைந்துவிட்டாள். அப்பா எப்போது வருவார் என்று என்னைக் கேட்கவில்லை. என்னைக் கேட்காமல் காலண்டரைப் பார்க்கிறாள். உங்கள் கடிதத்தில் திரும்பி வருவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மலையைக் காரணம் காட்டி அங்கேயே இருந்துவிடலாம் என்று பார்க்கிறீர்களோ?

ஹேரிம்


தாரேகோல்
அக்டோபர் 12, 1998

போரம் அம்மாவுக்கு,

சூசோக் அறுவடை விழாவுக்கு நான் வராததற்கு என்னைத் திட்டியிருப்பாய். பஸ் கட்டணம் மட்டும் காரணமில்லை. வேலையில்லாதவன் உன் அண்ணன்கள் நடுவில் உட்கார்ந்து பேரிக்காய் தின்ன முடியாது.

காளான் எவ்வளவு என்று கேட்டாய். கேட்டது என் மனைவியா, நிறுவனமா என்று அந்த வரியை நாலு தடவை படித்தேன். இங்கே காளான் முளைக்கும் இடத்தைப் பெற்ற பிள்ளைக்கும் காட்ட மாட்டார்கள். ஒருநாள் காலையில் மேங் கூடையோடு மலையேறுவதைப் பார்த்து, பத்தடி விட்டு நானும் ஏறினேன். பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன பெரியவரே, கால் வலிக்குதா?"

"கால் நல்லாத்தான் இருக்கு. உன் கண்ணுதான் சரியில்ல. நீ எறங்கு, நான் ஏறறேன்."

நான் இறங்கும் வரை அவர் அசையவில்லை. இந்த மனிதர்களிடம் நாலு படிவத்தை நீட்டி எத்தனை கிலோ என்று கேட்டால் ஒரு கூடை என்றுதான் சொல்வார்கள். அதைத்தான் உங்கள் அறிக்கையில் போடப் போகிறீர்களா?

போன வாரம் ஊர் மண்டபத்தில் மலைக்கூட்டம் கூடியது. பின்மலை எல்லா வீட்டுக்கும் பொது. அதை நடத்துவது அந்தக் கூட்டம். மூன்று வருடம் ஊரில் புகை எழுப்பிய வீட்டுக்குத்தான் அதில் இடம். என் வீட்டுப் புகைக்கு இன்னும் வயது வரவில்லை. உள்ளே பெரிய இரைச்சல் கேட்டது. என்ன பேசினார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. மறுநாள் உங்கள் நிறுவனப் பெண்கள் வந்தார்கள். நீ சொன்னபடியே, அட்சரம் பிசகாமல் எழுதினேன். இப்போது திருப்திதானே?

நான் யார், என் மனைவி யார் என்று உன் இயக்குநருக்குத் தெரியுமா? நீ சொல்லாமல் விட்டது எங்கள் ஊருக்காகவா, உனக்காகவா?

கியூதே


தேஜான்
அக்டோபர் 30, 1998

போரம் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

தாரேகோலிலிருந்து நாற்பத்தொரு படிவங்கள் வந்தன. நாற்பதில் ஒரே தொகை: ஐயாயிரம் வொன். ஒருவர் கூட நாலாயிரம் எழுதவில்லை, ஒருவர் கூட ஆறாயிரம் எழுதவில்லை. இயக்குநர் பியோ அத்தனையையும் மேசையில் பரப்பிவைத்து எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்.

"கேள்வி முன்னாடியே வெளிய போயிருக்கு. நம்ம ஆள்ல யாரோ ஊர்க்காரனுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. யாருன்னு நான் கண்டுபிடிப்பேன்."

அவர் யாரையும் பார்க்கவில்லை. எனக்கென்னவோ என்னை மட்டும் பார்த்தது போலிருந்தது. செப்டம்பரில் நான் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த மண்டபத்தில் படித்துக் காட்டினீர்களா? படிக்காவிட்டாலும் கடையில் உட்கார்ந்து பேசினீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

நாற்பத்தொன்றாவது படிவத்தில் பூஜ்யம். பூஜ்யத்துக்குள் குறுக்கே ஒரு கோடு. வங்கியில் அப்படிப் போட்டுப் பழகியவர் அந்த ஊரில் வேறு யார்? அந்த மலை வேண்டும் என்று எனக்கு மூன்று பக்கம் எழுதுகிற மனிதர், கேட்ட இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறார். யார் மேல் கோபம்? என் மேலா?

பியோவுக்கு ஒரே சந்தோஷம். "இந்த ஒருத்தர்தான் கூட்டு சேராம உண்மைய எழுதியிருக்காரு" என்கிறார். நாற்பதையும் தள்ளிவிட்டு உங்கள் பூஜ்யத்தை மட்டும் ஊரின் குரலாக வைத்துக்கொள்கிறார். 'மலையடியில் வாழ்பவர்களே அதற்கு எதுவும் தரத் தயாரில்லை' என்று அறிக்கையில் வரப்போகிறது. அந்த ஒரு வரி போதும், அணைக்காரர்களுக்கு.

ஹேரிம்


தாரேகோல்
நவம்பர் 8, 1998

போரம் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை நான் எவருக்கும் படித்துக் காட்டவில்லை. நம்பினால் நம்பு.

பூஜ்யம் என்னுடையதுதான். பையிலிருந்து தர முடிந்ததை மட்டும் எழுது என்றாய். என் பையில் என்ன இருக்கிறது, ஹேரிம்? மாதாமாதம் நீ அனுப்பும் காசு இருக்கிறது. உன் காசை எடுத்து மலைக்குத் தருகிறேன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. காரணம் என்ற இடத்தில் 'வருமானம் இல்லை' என்றும் எழுதினேன். அதை உன் இயக்குநர் படித்தாரா?

உன் கடிதம் கிடைத்ததும் நேரே மேங் வீட்டுக்குப் போனேன். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று, ஏன் நாற்பது வீடும் ஒரே தொகை எழுதினீர்கள் என்று கேட்டேன். பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"பின்ன? பொது மலைக்கு ஆளுக்கொரு தொகையா குடுப்பாங்க? ஒருத்தன் கூட எழுதினா பெரிய மனுஷன்னு காட்டிக்கறான். கொறச்சு எழுதினா ஊருக்குள்ள தலகாட்ட முடியாது. காளான் காவலுக்கும் இப்டித்தான், தீத்தடுப்புக்கும் இப்டித்தான். என்ன கேக்கப் போறாங்கன்னு ஜீப்காரன் அப்பவே சொல்லிட்டுப் போயிட்டான். இருக்கறதுலயே இல்லாத வீடு உல்ஜின்காரம்மா வீடு. உன்னால எவ்வளவு முடியும்னு அவங்கள கேட்டோம். அஞ்சாயிரம்னாங்க. அதோட பேச்சு முடிஞ்சுது."

அன்று கேட்ட இரைச்சல், அந்த அம்மாள் பத்தாயிரம் என்று அடம்பிடித்ததும் மற்றவர்கள் கூடாது என்றதும்தானாம்.

அப்புறம் உள்ளே போய் ஒரு பால்மாவு டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். முழுக்க நோட்டு.

"உங்க ஆளுங்க எப்ப வந்து வாங்கிக்குவாங்க? எழுதிட்டுப் போயி ஒரு மாசமாச்சு. வீட்ல இவ்வளவு பணத்த வெச்சுக்கிட்டு எனக்குத் தூக்கமே வரல."

யாரும் வாங்க வரமாட்டார்கள், அது சும்மா கேட்ட கேள்வி என்றேன்.

"சும்மாவா? குடுப்பியான்னு கேட்டாங்க. குடுப்போம்னோம். இதுல சும்மா எங்க வந்துச்சு?"

மக்கள் காகிதத்தில் தருவதாக எழுதிவிட்டு நிஜத்தில் கையை விரித்துவிடுவார்கள் என்பதுதானே உங்கள் துறையில் எல்லோருக்கும் பயம்? இங்கே நாற்பது வீடு தந்தேவிட்டது. அதைத் தள்ளிவிட்டு என் பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

உன் இயக்குநரிடம் போய்ச் சொல். அந்தப் பூஜ்யம் உன் கணவனுடையது என்று சொல். அது ஒன்று விழுந்தால் ஊரை மறுபடி கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கியூதே


தேஜான்
நவம்பர் 22, 1998

போரம் அப்பாவுக்கு,

டப்பாவைப் பற்றிப் படித்துவிட்டு அலுவலகக் கழிவறையில் போய் அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன், நான் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் நீங்கள் என்னைச் செய்யச் சொல்வது என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? ஜூலையில் எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள்: ஆய்வு நடக்கும் இடத்தில் எனக்கு உறவினர் எவருமில்லை என்று. நானும் போட்டேன். நீங்கள் இரண்டு மாதத்தில் மனம் தேறித் திரும்பிவிடுவீர்கள் என்று நம்பித்தான் போட்டேன். பொய்க் கையெழுத்தாக அதை ஆக்கியது நீங்கள் வராமல் போனதுதான்.

எங்கள் விதி இது. தவறை நானாகப் போய்ச் சொன்னால் வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள், சம்பளம் கொஞ்சம் குறையும், வேலை இருக்கும். வேறு வழியில் தெரியவந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போன மாதம் என் பக்கத்து மேசைக்காரரை ஒன்றுமில்லாத காரணத்துக்கு அனுப்பினார்கள். பெட்டியைக் கட்டும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இந்த வீட்டில் இருப்பது ஒரே சம்பளம். நான் வேலையில்லாமல் அங்கே வந்து முள்ளங்கி நறுக்கிக்கொண்டு உட்கார வேண்டும் என்று உங்களுக்கு ஆசையோ என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது. தோன்றுகிறது, என்ன செய்ய?

பெயர் சொல்லாமல் பியோவிடம் டப்பா விஷயத்தை எடுத்துப் பார்த்தேன். "அங்க எவனோ மலையைச் சொல்லி வசூல் பண்றான். ஆமா, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அன்றிலிருந்து நான் காப்பி குடிக்கப் போனால்கூட நிமிர்ந்து பார்க்கிறார்.

அறிக்கை டிசம்பர் பதினெட்டாம் தேதி போகிறது. அதற்குள் நான் ஒரு முடிவெடுக்கிறேன். எனக்குக் கொஞ்சம் நாள் கொடுங்கள். சொல்வதென்றால் என் வாயால் நான் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு இருக்கும் காப்பு.

ஹேரிம்


தாரேகோல்
நவம்பர் 29, 1998

ஹேரிமுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். கையெழுத்து விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு கடுமையாக எழுதியிருக்க மாட்டேன்.

இங்கே குளிர்காலத்துக்குக் கிம்சி ஊறுகாய் போடும் வாரம். எல்லா வீட்டு வாசலிலும் முட்டைக்கோஸ் மலைபோல் கிடக்கிறது. போன மாதம் வரை என்னையும் கைகொடுக்கக் கூப்பிட்டிருப்பார்கள். இப்போது கூப்பிடவில்லை. படிவம் கொண்டுவந்த பெண்களில் ஒருத்தி ஊரில் ஒரே ஒரு பூஜ்யம் வந்தது என்று சந்தையில் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். கடையில் மக்கொல்லி அரிசிக் கள் கேட்டேன். "தீந்துபோச்சு" என்றான், பின்னால் பானை நிறைய இருக்கும்போதே. வெளியே வரும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "ஊருக்குள்ள ஒரே ஒரு முட்டை. எந்தக் கோழி போட்டுதுன்னு தெரியாதாக்கும்!" எல்லோரும் சிரித்தார்கள். மேங் மட்டும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. உல்ஜின்காரம்மா என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள், தப்புச் செய்தது அவள் போல.

போகட்டும். இது என் பாடு. முடிவு உன்னுடையது. நீ சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, நான் குறுக்கே வரமாட்டேன். உன்னையும் போரத்தையும்விட எனக்கு எதுவும் பெரிதில்லை. வசந்தம் வந்ததும் தேஜானுக்கே வந்து ஏதாவது வேலை தேடுகிறேன்.

போரத்துக்கு என் அன்பு. கணக்கை நான் வந்து சொல்லித் தருகிறேன் என்று சொல்.

உன்
கியூதே


தேஜான்
டிசம்பர் 11, 1998

போரம் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் டிசம்பர் மூன்றாம் தேதி கிடைத்தது. அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம். வசந்தத்தில் அப்பா வருகிறார் என்று போரத்திடம் சொன்னேன். கிம்சியில் உப்பைக் கூட்டிப் போட்டுவிட்டேன், அவள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே தின்றாள். நீங்கள் என்னை என் போக்கில் விட்டதால்தான் எனக்குத் தைரியம் வந்தது என்று நினைக்கிறேன். நாற்பது வீட்டையும் தள்ளிவிட்டு நான் சம்பளம் வாங்க முடியாது என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை காலையில், நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பியோ அறைக் கதவைத் தட்டினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பூஜ்யம் யாருடையது, ஜூலையில் நான் போட்ட கையெழுத்து, டப்பா, உல்ஜின்காரம்மா, எல்லாம். சொல்லி முடித்ததும் அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் உறையை எடுத்து வைத்தார். பதிவுத் தபால்.

"உங்க வீட்டுக்காரர் உங்களுக்கு முந்திக்கிட்டாரே, அம்மா. இப்ப நீங்க சொல்றத நீங்களா சொன்னதா எடுத்துக்கவா, மாட்டிக்கிட்டதால சொன்னதா எடுத்துக்கவா?"

படிக்கக் கொடுத்தார். நன்றாக எழுதியிருந்தீர்கள். மலைக்கூட்டத்தின் வழக்கத்தை நானே அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். கடைசிப் பக்கத்தில், 'என் மனைவி நேர்மையானவள்தான், ஆனால் பயந்தவள். அவளாக ஒருநாளும் சொல்ல மாட்டாள்' என்று இருந்தது. அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

உறையின் மேல் முத்திரை நவம்பர் முப்பது. குறுக்கே வரமாட்டேன் என்று எனக்கு எழுதிய மறுநாள். ஒரே நடையில் போய் இரண்டையும் ஒன்றாகப் போட்டீர்களா என்றுகூட யோசித்துப் பார்க்கிறேன்.

உங்களுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் படிவம் நீக்கப்பட்டது. அறிக்கை நிறுத்தப்பட்டது. பனி உருகியதும் வேறொரு நிறுவனம் வந்து ஊரை மறுபடி கேட்கும். டப்பாவில் இருக்கும் பணத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு. அதை இப்போதைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று மேங்கிடம் சொல்லுங்கள். கடையில் இனி உங்களுக்கு மக்கொல்லி ஊற்றுவார்கள்.

எனக்கு இந்த மாதக் கடைசி வரை வேலை. அப்புறம் போரத்தை அழைத்துக்கொண்டு மாசானில் என் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன்.

உங்களால் வேலை போனது என்று நான் சொல்லவில்லை. வேலை இன்னொன்று கிடைக்கும், கிடைக்காமலும் போகும். ஊர் உங்களை நம்பவில்லை என்று எத்தனை பக்கம் எழுதினீர்கள்! ஒவ்வொரு கடிதத்தையும் படித்து உங்களுக்காக எனக்கு நெஞ்சு எரிந்தது. நான் கேட்டது கொஞ்ச நாள். அந்தக் கொஞ்ச நாள் என்னை நம்ப உங்களால் முடியவில்லை.

போரம் பள்ளி முகவரியிலிருந்து உங்களுக்கு எழுதுவாள். அவளுக்குத் தவறாமல் பதில் போடுங்கள். எனக்கு வேண்டாம்.

ஹேரிம்